உப்பேறிய ஊற்று

கடலோர மணற்காட்டில் ஒரு குடிசை போட்டு, ஜபமும் தவமுமாக இருந்தாள் தாயம்மை என்ற துறவி. அவளிடம் நல்ல வார்த்தை கேட்க வருகிறவர்களில் சண்முகக்கனியும் ஒருத்தி. தாயம்மையைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் "தாயே" என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று காலை மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"தாயே, புருஷன் வீட்டுல இருந்து வந்த மக வாயே திறக்க மாட்டேங்கா. என்ன நடந்துச்சுன்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. இப்போ துணிமணியை மூட்டை கட்டுதா. எங்கேயோ போறாளாம். என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"என்ன செய்யப் போறீங்க அக்கா?"

"வாசலை மறிச்சு உக்காரப் போறேன். மனசுல உள்ளது அம்புட்டையும் கக்க வச்சிட்டுத்தான் விடுவேன். சரிதானே தாயே?"

"எனக்கு நாக்கு வறளுது. ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க."

இந்த நேரத்திலா என்று எரிச்சல் வந்தது சண்முகக்கனிக்கு. செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மணலில் தோண்டியிருந்த ஊற்றில் உள்ளங்கை ஆழம்தான் தண்ணீர். தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வழித்துச் செம்பில் ஊற்றி முடிப்பதற்குள் மகள் பஸ் ஏறிவிடுவாள். மேலே மழைத்தண்ணீர், அடியில் கடல்தண்ணீர் என்று கிடக்கிற மண் அது. அங்கே ஊற்றில் யாரும் மண்வெட்டி வைப்பதில்லை. அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து முழங்காலளவுக்கு வெட்டினாள். தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. செம்பை முக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

தாயம்மை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"மோரை விட்டுட்டு உப்பை மட்டும் கரைச்சிருக்கீங்களே அக்கா."

சண்முகக்கனி வாங்கிக் குடித்துப் பார்த்தாள். கரித்தது. முகம் செத்துப்போயிற்று.

தாயம்மை எழுந்து போய் அந்தக் குழியை மணலால் மூடினாள். தள்ளி ஓரிடத்தில் உட்கார்ந்து, கையாலேயே மேலாக மணலை விலக்கினாள். கலங்கலாகக் கசிந்ததை வழித்து வெளியே ஊற்றினாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சண்முகக்கனி சிரட்டையை நீட்டினாள். தாயம்மை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரமாகுதே தாயே..."

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

மணல் மெல்லப் படிந்தது. தண்ணீர் தெளிந்தது. தாயம்மை மேலாகச் சிரட்டையால் எடுத்து எடுத்துச் செம்பை நிறைத்தாள். குடிக்கவில்லை. சண்முகக்கனியிடமே கொடுத்தாள்.

"மகளுக்குக் கொண்டு போங்க."

"போயி?"

"குடிக்கக் கொடுங்க. பக்கத்துல உக்காருங்க."

"ஒண்ணும் கேக்க வேண்டாமா தாயே? பெத்தவ ஒரு வார்த்தைகூட கேக்காம எப்படி இருக்க?"

"கேளுங்க அக்கா. இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமான்னு கேளுங்க."