கற்றாழை ஏன் புள்ளியால் பேசுகிறது

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. முருங்கை ஓயாமல் பேசும். புளியமரம் கேட்டால் பேசும். சோற்றுக்கற்றாழை கேட்டாலும் யோசித்துத்தான் பேசும். பாறை இடுக்கில் கிடந்தது. மழை பெய்தால் குடிக்கும். பெய்யாவிட்டால் போன மழையை நினைத்துக்கொள்ளும். குறை ஒன்றும் இல்லை.

பாறைக்குக் கீழே சுடலைவடிவின் வீடு. ஒருநாள் சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி அவள் கையில் கொட்டிவிட்டது. பாறைக்கு ஓடினாள். கற்றாழையிடம் ஒரு மடலைக் கேட்டு வாங்கி, பிளந்து, அப்பிக்கொண்டாள். எரிச்சல் அடங்கியது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"கையைக் காப்பாத்துனவளை வெயில்ல போட்டுட்டுப் போனா நான் மனுஷியா? வாடி தங்கச்சி, நம்ம வீட்டுக்கு."

"எனக்கு இங்கயே சரியாத்தான் இருக்கு, யக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

வேரோடு பெயர்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

வீட்டில் விரிசல் விட்ட பானை ஒன்று இருந்தது. அதில் வைத்திருந்தால் கதையே இல்லை. விருந்தாளியை ஓட்டைப் பானையிலா வைப்பார்கள்? புதுப்பானையை எடுத்தாள். சொட்டுக்கூட ஒழுகாத பானை. கரிசல் மண்ணைப் போட்டு, சாணம் கலந்து, கற்றாழையை அதில் உட்கார்த்தினாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடுகிறவர் "போதும்" என்றால் இலையில் இன்னொரு அகப்பை விழும். "ஐயோ போதும்" என்றால் இரண்டு விழும். நிஜமாகவே வயிறு நிறைந்தவர் இரண்டு கையையும் விரித்து இலைமேல் கவிழ்ந்துகொள்ள வேண்டும். அப்போதும் விரல் இடுக்கில் ரசம் ஊற்றுவார்கள். கற்றாழைக்குக் கை கிடையாது.

காலையில் அரிசி களைந்த கழுநீர் வந்தது. மத்தியானம் மோர்ப்பானை கழுவிய தண்ணீர். சாயங்காலம் செம்பு நிறைய நல்ல தண்ணீர்.

"போதும் யக்கா."

"கூச்சப்படாத. உன் வீடு மாதிரி நினைச்சுக்க."

"என் வீட்டுல இவ்வளவு தண்ணி கிடையாது."

"அதான் சொல்லுதேன், குடி."

சுடலைவடிவின் புருஷன் ஆவுடையப்பன் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பார்த்தான். "வேண்டாம்ங்குதுல்லா. விடேன்."

"நீங்களுந்தான் தினமும் வேண்டாம்ங்கிய. பொறவு தட்டை வழிச்சுத் திங்கிய."

அவன் வாயில் தோசை இருந்தது. அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினான்.

கற்றாழைக்கு வேர் ஊறியது. ஊறிய வேர் நமநமத்தது. உண்மையைச் சொல்லிப் பார்த்தது. "வேரு ஊறிப்போச்சு யக்கா." "ஊறட்டும். அப்பத்தான் உடம்புல ஒட்டும்." சரி, முரட்டுத்தனமாகச் சொல்வோம் என்று, "உன் தண்ணி நாறுது" என்றது. சுடலைவடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, தென்னந்தோப்புக்குப் போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்து ஊற்றினாள்.

சுவரில் இருந்த பல்லி சிரித்தது. "ஏட்டி கத்தாழை, உனக்கு வந்த வாழ்வைப் பாரு. எனக்கு ஒரு கொசு குடுக்க ஆளில்லை."

"இடம் மாத்திக்குவமா?"

பல்லி சத்தம் காட்டாமல் விட்டத்துக்கு ஏறிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துக் கற்றாழையின் பக்கத்தில் ஒரு கன்று முளைத்தது. விரல் நீளம்கூட இல்லை. தாய்க்குப் பெருமையாக இருந்தது. சுடலைவடிவு பார்த்துவிட்டாள். குலவை போட்டாள்.

"இனிமே ரெண்டு உசுரு! ரெண்டு பேருக்குக் குடிக்கணும்!"

செம்பு போய்க் குடம் வந்தது. பிள்ளை பெற்றவள் என்று பூண்டு தட்டிப்போட்ட கஞ்சித்தண்ணீரும் வந்தது. அழுகல் பெரிய வேரில் ஏறுவதைக் கற்றாழை உணர்ந்தது. அதற்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. பாறையில் ஆடு கடித்தும் பிழைத்த உடம்பு. ஆனால் அழுகல் போகிற வழியில்தான் கன்றின் வேர் இருந்தது. அது போய்ச் சேர்வதற்குள் இந்த அன்பை நிறுத்தியாக வேண்டும்.

மறுநாள் குடம் வந்தது. "போதும்" என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? கற்றாழை அதை விழுங்கிவிட்டது.

எதை வாங்கினாலும் உள்ளேயே வைத்துக்கொள்கிற உடம்பு அது. தண்ணீரை வைத்துக்கொண்டது. சொல்லை வைத்துக்கொள்ள இடமில்லை. மத்தியானத்துக்குள் அடிமடலில் ஒரு மஞ்சள் புள்ளி கிளம்பியது. வடைக்கு அடியில் வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறுமே, அப்படி.

முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு முப்பிடாதி. "கண்ணேறு. சந்தேகமே இல்ல. நேத்து நான்தான சொன்னேன், எம்புட்டுக் கொழுகொழுன்னு இருக்குன்னு. என் கண்ணு பொல்லாத கண்ணு." அவளே மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீட்டில் எல்லோரும் இருமினார்கள். பல்லி விட்டத்திலிருந்து விழுந்தது. புள்ளி அப்படியே இருந்தது.

"குளிர் பிடிச்சிருக்கு" என்றான் ஆவுடையப்பன். பானையைத் தூக்கி உச்சி வெயிலில், வெறும் கல்லின்மேல் வைத்தான். வீட்டு நிழலில் ஊறிய உடம்பு. "சுடுது" என்ற சொல் வந்தது. விழுங்கியது. மடல் நுனி செங்கல் நிறமாகிவிட்டது.

"பாத்தியா, நிறம் தெளியுது!" என்றான் அவன்.

ஆவுடையப்பனைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது. கன்று பக்கத்தில் இருந்ததால் அதையும் விழுங்கியது. அடியில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

சுடலைவடிவு பதறிப் போனாள். "பிள்ளைக்குப் பசி! நிறமே மாறிப்போச்சே!" குடத்தோடு ஓடி வந்தாள். ஊற்றுவதற்காக அடிமடலை விலக்கினாள். விரல் உள்ளே போய்விட்டது.

நின்றாள்.

அவள் பிள்ளை வளர்த்தவள். வாய் சொல்வதை நம்பமாட்டாள். உடம்பு சொல்வதை நம்புவாள். குடத்தைக் கீழே வைத்தாள். மடலை அமுக்கினாள். மோந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது பசி இல்ல. பசிச்ச மடல் வத்திச் சுருங்கும். இது உப்பிக் கொழகொழன்னு கிடக்கு. செரிக்கல."

"கண்ணேறுதான்னு நான்..." என்றாள் முப்பிடாதி.

"நீ வாயை மூடு மதினி." பிறகு கற்றாழையைப் பார்த்துத் திரும்பினாள். "கூறுகெட்டவளே! வயிறு நிறைஞ்சா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமாட்டி?"

கற்றாழைக்கு அப்போது வந்த பதில் பெரியது. அதை விழுங்கியதில் மூன்று மடல் ஒரே நேரத்தில் மஞ்சளாயின.

சுடலைவடிவு புதுப்பானையைப் போட்டு உடைத்தாள். மண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தோடியது. பெரிய வேர் பாதி கறுத்துக் கூழாகிவிட்டது. கன்றின் வேர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அழுகலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நெல் அகலம்தான். அரிவாள்மனையில் கெட்டதை அரிந்தாள். சாம்பலைப் பூசினாள். குடித்ததெல்லாம் இறங்கட்டும் என்று தாயையும் கன்றையும் சேர்த்துக் கயிற்றில் கட்டி, வாசல் நிலையில் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

அவள் விருந்தைவிடப் பத்தியம் கொடுமை. ஒரு சொட்டுக் கிடையாது. வாசலில் கை கழுவிய ஆவுடையப்பனைத் தெருவுக்குத் துரத்தினாள். "தெறிக்கும்!"

கற்றாழை தொங்கியது. காற்று வந்தது. வெட்டிய இடம் காய்ந்து தோல் மூடியது. பாறையை விட்டு வந்தபின் அன்றுதான் அதற்கு நிம்மதி. கன்று தலைகீழாகவே ஒரு மடல் விட்டது.

சில நாள் போனதும் சுடலைவடிவு வாசலில் வந்து நின்றாள். கையில் செம்பு.

"தங்கச்சி, இப்பப் பசிக்குதா?"

கற்றாழை யோசித்தது. 'இல்லை' என்றால் கூச்சப்படுகிறாள் என்பாள். 'ஆமாம்' என்றால் செம்பு போய்க் குடம் வரும். 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் அளவே கிடையாது. கன்று வாயைத் திறக்கப் போனது. தாய் அதை மடலால் இடித்தது. இரண்டும் வாயை மூடிக்கொண்டன.

சுடலைவடிவு பார்த்துக்கொண்டே நின்றாள். கையை நீட்டி மடலை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"இன்னும் வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செம்போடு திரும்பிப் போனாள்.

வாய் திறந்து ஒருநாளும் கிடைக்காதது, மூடியதும் கிடைத்துவிட்டது. கற்றாழை அதற்கப்புறம் திறக்கவே இல்லை. அதைக் கேள்விப்பட்ட கள்ளி, ரணகள்ளி என்று சதைப்பற்றுள்ள சொந்தக்காரர்கள் எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் தொட்டியில் இருக்கிற கற்றாழை, தண்ணீர் மிஞ்சினால் மஞ்சளாகவும், வெயில் மிஞ்சினால் செங்கல் நிறமாகவும், வேர் அழுகினால் அடியில் கறுப்பாகவும் தன் பேச்சைத் தோலில் எழுதிக் காட்டுகிறது, நம்மவர்களோ அன்று முதல் இன்றுவரை அதைப் பார்த்ததும் "ஐயோ, வாடுது!" என்று செம்பை எடுக்க ஓடுகிறார்கள்.