முதலை விழுங்கிய பிள்ளைப் பருவம்

முன்னொரு காலத்திலே, ஆறே எல்லையாக இருந்த ஒரு ராஜ்யத்திலே, சாத்தன் என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். அவனுக்கு மிஞ்சியது மகள் செவ்வந்தி, நான்கு வயது.

ஊட்டினால் துப்புவாள். படுக்கவைத்தால் எழுந்து உட்காருவாள். துடுப்பை எடுத்தால் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரவெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். விடிந்ததும், கரையில் உட்காரவைத்து ஊட்டக் கொண்டுவந்த கஞ்சிச் சட்டியை அவள் ஆற்றிலே தட்டிவிட்டாள்.

"சனியனே, நீ எப்பத்தான் வளர்ந்து தொலைவே!" என்று கத்திவிட்டான் சாத்தன்.

ஆற்றிலே ஒரு முதலை தலைதூக்கியது. "அப்படியே ஆகட்டும்" என்றது.

கண்மூடித் திறப்பதற்குள் பிள்ளை நின்ற இடத்தில் வளர்ந்த பெண்ணொருத்தி நின்றாள். அதே கண், அதே மூக்கு. "பசிக்குதாங்க ஐயா? சமைக்கட்டுமா?" என்றாள்.

அவன் தோளில் தூங்கியது அவளுக்கு நினைவில்லை. அவன் பாடிய தாலாட்டு நினைவில்லை. அவன் தன் அப்பா என்பதே நினைவில்லை.

அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சாத்தன் சின்னப் பாவாடை ஒன்றை முகத்தில் அழுத்திக்கொண்டு, பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவன் போலக் கிடந்தான்.

தாங்கமாட்டாமல் ஆற்றில் இறங்கினான். "என் பிள்ளையைக் கொடு! இல்லே, என்னைத் தின்னுடு!"

"உன் மாமிசம் எனக்கெதற்கு? நான் தின்பது இந்த ராஜ்யத்துப் பிள்ளைகளின் பிள்ளைப் பருவம். அவளுடையது வேண்டுமானால் உன்னுடையதைக் கொடு" என்றது முதலை.

முதன்முதலாக நீந்திய நாளைக் கொடுத்தான். "போதாது" என்றது. தம்பியோடு மாங்காய் திருடிய கோடையைக் கொடுத்தான். "போதாது" என்றது. மிச்சமிருந்தது அவன் அம்மாவின் முகம். வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே கொடுத்தான். கொடுத்து முடித்ததும், யாருக்காக அழுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

மனமாரக் கொடுத்ததை முதலையால் செரிக்க முடியவில்லை; சேறாகக் கரைந்துபோயிற்று. கரையிலே ஒரு பிள்ளை வீறிட்டது. "அப்பா, தூக்கு!"

தூக்கினான். உடம்பு இன்னும் சுட்டது.

காய்ச்சல் விட்ட பிறகு செவ்வந்தி கேட்டாள்: "அப்பா, சின்னப் பிள்ளையா இருந்தப்ப நீ என்ன விளையாடுவே?"

சாத்தன் நினைத்து நினைத்துப் பார்த்தான். ஒன்றுமே இல்லை. "தெரியலையே கண்ணு."

"ஐயோ பாவம்" என்றாள் அவள். அவன் விரலைப் பிடித்து இழுத்து மணலில் உட்காரவைத்தாள். "இங்க பாரு. முதல்ல குழி தோண்டணும்."

தோண்டினான். முதலை ஒழிந்த அந்த ராஜ்யத்திலே, அதன்பின் பிள்ளைகள் எல்லாரும் மெல்லவே வளர்ந்தார்களாம்.