மூன்று பந்தும் ஒரு பாலமும்

எருக்கலம்வலசுக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்கிறவர்கள் இல்லை. யோசித்துத்தான் செய்வார்கள். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

அந்த ஊர் ஆற்றுப் பாலத்துக்குச் சென்னியப்பன் காவல். தூணுக்கடியில் ஆறு மணலை அரிக்கிறதா என்று கண்டுபிடிக்க, இஞ்சினியர் ஒருவர் மூன்று தூணடியிலும் தூணுக்கொன்றாகச் சிவப்புப் பந்துகளைப் புதைத்தார்.

"மணல் அரிச்சா பந்து மேல வந்து மிதக்கும். உடனே காவல் அறையில கரண்டுச் சங்கு தானா ஊதும். சங்கு நிக்கிற வரைக்கும் யாரையும் பாலத்துல விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணியில் சென்னியப்பன் மகள் பாவாயிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அக்கரையில் வந்து இறங்கினார்களோ இல்லையோ, சங்கு ஊதியது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. சென்னியப்பன் தடுப்புக் கட்டையை இறக்கினார். சம்பந்தியையே மறிக்கும்படி ஆயிற்றே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது, பாவம்.

ஊர் கூடியது.

"பந்து உள்ள இருந்த மட்டும் பாலம் நல்லாத்தானுங்க மச்சான் இருந்துது" என்றான் மச்சினன் அத்தப்பன்.

"அப்ப, பந்து வெளிய வந்ததுதான் கோளாறு" என்றார் பங்காளி நாச்சிமுத்து.

"மறுபடி பொதைச்சுப்போட்டா?" என்றான் அத்தப்பன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு படித்த இஞ்சினியருக்கு இது தோன்றவில்லையே!

கடப்பாரையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூணடியைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மணல் சரிந்து, பக்கத்துத் தூணின் பந்தும் மேலே வந்தது. அதைப் புதைக்கத் தோண்டினால் மூன்றாவதும் வந்தது.

"அதுகளுக்கு ஈரம் ஒத்துக்கலீங்க மச்சான். கரையில பொதைக்கலாம்" என்றான் அத்தப்பன்.

மூன்றையும் கரைமேட்டில் புதைத்து, நன்றாக மிதித்தார்கள். சங்கு கப்பென்று நின்றது. சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரத்தில்தான், தோண்டிய குழிகளுக்குள் தூண்கள் சாய்ந்து, பாலம் மொத்தமாக ஆற்றோடு போனது.

சென்னியப்பன் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லை. கட்டையைத் தூக்கினார்.

"சம்பந்தி, தாராளமா வாங்க!"

"பாலத்தையே காணமுங்களே!"

"அது நம்ம பொறுப்பு இல்லீங்க. சங்கு நின்னுருச்சு, வரலாம்!"

சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. நாதஸ்வரக்காரரை நோக்கி, "அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் ஊதிப்போடாதீங்க, மறுபடி அடைச்சுப்போடுவாங்க" என்று எச்சரித்துவிட்டு, சீர்த்தட்டோடு முதல் ஆளாகக் காலை எடுத்து வைத்தார்.