ராசா காத்திருந்த பந்தி

சந்தைக்குப் போன ஆவுடையப்பன் பாதிக் கூடையோடு திரும்பி வந்தார். அன்றைக்கு அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது கோபம் ஒன்றுதான்.

மலையடிவாரத்து மடத்தில் சமையலும் பரிமாறலும் அவர் பொறுப்பு. உச்சிவேளைக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் ஓர் இலைச் சோறு உண்டு. எந்த ஊர், என்ன குலம் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. முன்னொரு பஞ்சத்தில் நடக்கத் தெம்பில்லாமல் வந்து விழுந்த ஆவுடையப்பனைப் பிழைக்க வைத்ததும் அந்தப் பந்திதான். சாப்பிட வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

மடத்தின் குரு கோமதியம்மை, அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதில் ஆவுடையப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. கோபம் வந்தால் கொட்டுவதற்கு அவருக்கு வேறு ஆளும் இல்லை.

"புளி கேட்டா தோப்புக்கே வெல சொல்லுதான், தாயே! எண்ணெய்க் கடைப் பக்கம் தலைவச்சே படுக்க முடியல. இந்த ராசாவுக்கு என்ன, கண்ணு அவிஞ்சா போச்சு?"

அம்மை குருணை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி ஆத்தங்கரைக்கு வந்தா வரி. பாலத்துல ஏறுனா வரி. கோட்டை வாசல்ல வரி. ஒரு வழியா சந்தைக்குள்ள வந்து தராசுல வச்சா அதுக்கும் வரி. எல்லாம் எதுக்கு? கண்ணாடி மண்டபம் கட்டுதாகளாம், கண்ணாடி மண்டபம்! அதுல என்னத்தப் பாக்கப் போறாரு? அவரு மூஞ்சியத்தான்!"

"திவான் என்ன சொல்றாராம்?"

"வெல ஏறவே இல்லையாம். சனங்களுக்கு வாங்குற ஆசைதான் ஏறிப்போச்சாம்."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. ஆவுடையப்பனுக்கு வரவில்லை.

"சிரிக்காதீங்க, தாயே. இப்படியே போனா அடுத்த மாசம் பந்தியை நிறுத்தியாகணும். என்னை மாதிரி ஒருத்தன் வந்து வாசல்ல விழுந்தா, என்ன சொல்லி அனுப்புவேன்?"



"இதை ராசாகிட்டச் சொன்னீரா?"

"நல்லாக் கேட்டீங்க! செக்கடிப் பிச்சையா கடைவீதியில நின்னு இந்த வரியைப் பத்தி வாயைத் திறந்தாரு. ஆளு இன்னும் சிறையில கிடக்காரு. நான் கேக்கறதைச் சொல்லுங்க. ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கு. அவருக்கு மட்டும் ஏன் தெரியல?"

அம்மை கையிலிருந்த கல்லை வெளியே எறிந்தார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இதுதான் பதில் என்றால் நல்ல பதில் என்று ஆவுடையப்பன் முணுமுணுத்தார்.

மடத்தின் ஆதிகுருவுக்கு வருசம் ஒருமுறை நடக்கிற குருபூசை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராசா மடத்துக்கு வந்து சாப்பிடுவது பரம்பரையாக நடக்கிற காரியம். ராசாவென்று அவருக்குத் தனி இடம் கிடையாது. ஊராரோடு ஒரே வரிசைதான், முதல் இலை மட்டும் அவருக்கு. அவர் சாப்பிடத் தொடங்கும்வரை வரிசையில் ஒருவரும் சோற்றைத் தொடக் கூடாது.

அந்த ஒரு நாள் விருந்துக்காக ஆவுடையப்பன் ஒரு மாதம் முன்கூட்டியே அன்றாடச் சோற்றில் கையைச் சுருக்கிவிடுவார். அப்படி மிச்சம் பிடித்ததில் நெய் வரும், வெல்லம் வரும், உளுந்து வரும். மடத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறதே! ஊராரும் குறை சொன்னதில்லை. வடையைக் கண்டால் பிள்ளைகள் துள்ளும். பெரியவர்கள் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருப்பார்கள். ராசா இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார், "நம்ம சனங்க சௌக்கியமா இருக்காங்க" என்று பூரித்துப்போய்ப் பல்லக்கில் ஏறுவார்.

இந்த வருசமும் ஆவுடையப்பன் சமையல்காரர்களிடம், "நாளையிலிருந்து ஒரு பிடி குறைச்சுப் போடுங்க" என்றார்.

அம்மை காதில் அது விழுந்தது. "குறைக்க வேண்டாம். குருபூசைக்கும் இதையே வையும்."

"எதை?"

"இன்னைக்கு வச்சதை."

அன்றைக்கு வைத்தது குருணைச் சோறு, பருப்பைக் கண்ணால்கூடப் பார்க்காத புளித்தண்ணீர், ஒரு கல் உப்பு.

"ராசாவுக்கா? தாயே, அரமனையில மடத்துக்கு விட்ட மானியத்தைப் பிடுங்கிருவாக. தலை போனாலும் போயிரும்."

"போகலாம்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு."

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. குருபூசையன்று விடிகாலையில், யாருக்கும் தெரியாமல், ஒரு சின்ன உருளியில் நெய் வழியப் பாயசம் காய்ச்சி, கூடவே நாலு வடையும் தட்டி, சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் மூடி வைத்தார். எல்லாம் ஒரு இலைக்கு மட்டும். வம்பு வந்தால் கைகொடுக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ராசா வந்தார். பின்னாலேயே திவானும் வந்தார். பந்தி நிறைந்தது. சோறு விழுந்தது, அதன்மேல் புளித்தண்ணீர் விழுந்து இலையின் ஓரத்துக்கு ஓடியது. உப்பு வைத்தார்கள். அவ்வளவுதான், பரிமாறுகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்கள்.

ராசா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் வரும் என்று அவர் காத்திருந்தார். ராசா சாப்பிடட்டும் என்று வரிசை காத்திருந்தது. அவர் வரிசையைப் பார்த்தார், வரிசை அவரைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

கதவுக்குப் பின்னால் ஆவுடையப்பன் உருளியைக் கையில் எடுத்துவிட்டார். நாலு எட்டு வைத்தால் போதும். போய் இலையில் பாயசத்தை ஊற்றினால் எல்லாரும் மூச்சு விடலாம். மானியம் தப்பும், தலையும் தப்பும். எதிரே தூணோரம் நின்ற அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ராசாவுக்கு அடுத்த இலையில் விறகு விற்கிற மாடத்தி இருந்தாள். அவள்தான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"மகராசா, இனி ஒண்ணும் வராது. நீங்க ஒரு வாய் சாப்பிட்டாத்தான் நாங்க சாப்பிடலாம்."

"வராதா?"

"இதான் சாப்பாடு."

திவான் துள்ளி எழுந்தார். "என்ன திமிர்! ராசாவைக் கூப்பிட்டு அவமானம் பண்ணுறீங்களா?"

"நீர் உக்காரும்" என்றார் ராசா. மாடத்தியிடம் திரும்பினார். "இன்னைக்கு மட்டும் இப்படியா?"

"தினமும் இப்படித்தான். இதுவும் இங்கதான். வீட்டுல அடுப்பே எரியல."

"போன வருசம் நெய் மணக்க மணக்கச் சாப்பிட்டோமே!"

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மடத்தை அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். அதை ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை. உருளியைக் கீழே வைத்தார். வெறுங்கையோடு வெளியே வந்தார்.

"அது நான் பண்ணுன தப்பு, மகராசா. நீங்க ஒரு நாள் சாப்பிடுறதுக்காக இவுகளை ஒரு மாசம் அரைவயித்துல போட்டேன். போன வருசம் மட்டுமில்ல, வருசா வருசம் அப்படித்தான்." வந்தது வரட்டும் என்று ஆகிவிட்டது. "நாலு இடத்துல வரி போட்டா நாங்க எங்க போவோம்? ஒரே மிளகா மூட்டை நாலு தடவை வரி கட்டிட்டு வந்தா, அதை வாங்குறவன் என்ன ஆவான்? இதைச் சொன்ன பிச்சையாவைச் சிறையில போட்டீக. என்னையும் போடுங்க. ஆனா பந்தியை நிறுத்த வச்சிராதீக."



"ஒரே மூட்டைக்கா நாலு வரி?" ராசா திவானைப் பார்த்தார்.

"எல்லாம் தாங்கள் கையெழுத்துப் போட்டதுதான், பிரபு. ஒவ்வொரு வருசம் ஒவ்வொன்று."

ராசாவுக்கு முகம் சிறுத்துப்போனது. மறுக்க முடியாது, போட்டவர் அவர்தான். போடும்போது ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரிந்தது.

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். முதல் வாய்க்குப் புளிப்பில் கண்ணை மூடினார். அப்புறம் மூடவில்லை. வரிசை முழுவதும் சடசடவென்று சாப்பிடத் தொடங்கியது. ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலை கழுத்தின் மேலேயே இருந்தது, அதுவே பெரிய அதிசயமாகப் பட்டது.

ராசா இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சனங்கள் சௌக்கியம் என்று இந்தத் தடவை சொல்லாமலே பல்லக்கில் ஏறினார்.

அந்த மாதமே ஆற்றங்கரை வரியைத் தவிர மற்றதெல்லாம் ரத்து என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள். கண்ணாடி மண்டபம் பாதியில் நின்றது, இப்போது அதன் நிழலில் ஆடுகள் படுத்துக் கிடக்கின்றன. பிச்சையா வெளியே வந்தார், வந்த கையோடு கடைவீதியில் நின்று இன்னும் நாலு வார்த்தை பேசினார், யாரும் பிடிக்கவில்லை. எல்லாம் பழைய விலைக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விலையைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்து உட்கார வேண்டியதில்லை. புளித்தண்ணீரில் பருப்பு எட்டிப் பார்த்தது. பந்தி நிற்கவில்லை. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு பஞ்சாய் லேசாகிவிட்டது. சந்தைக்குப் போனால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அப்படி வந்த ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டு அம்மையின் எதிரே உட்கார்ந்தார்.

"ராசா நல்ல மனுசன்தான், தாயே. நான்தான் கண்டபடி ஏசிட்டேன்."

"ம்."

"பாவம், அன்னைக்கு அந்தச் சோத்தை ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டாரே. வர்ற குருபூசைக்கு அவருக்கு நல்லதா ஒரு விருந்து வைக்கலாமா? யார் வயித்துலயும் கைவைக்க மாட்டேன், சத்தியமா. இப்பதான் எல்லாம் கட்டுப்படியாகுதே!"

அம்மை கூடையிலிருந்த பருப்பை அள்ளிப் பார்த்தார்.

"வையும், ஆவுடையப்பரே. ஆனா கடைசி இலையில ஆரம்பிச்சுப் பரிமாறிக்கிட்டே வாரும். ராசா இலைக்கு வரும்போது சட்டியில மிச்சம் இருந்தா, அவருக்கும் வையும்."