அண்ணாச்சி தேடி எடுத்த கார்டு

கல்யாண வீடியோ எடிட் செய்கிற சுடலைவடிவு, திக்கித் திக்கி ஓடிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, அதை விற்ற பெருமாள்சாமி அண்ணாச்சி கடைக்கே போனாள். வெள்ளிக்கிழமைக்குள் வீடியோ கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். கையில் இருந்ததோ மூவாயிரம்.

“வீடியோ திக்காம ஓட, இதுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுங்க அண்ணாச்சி.”

அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. “கம்பெனிக்காரனே செஞ்சு அனுப்புற சின்னப் பெட்டிம்மா இது. உள்ளே இடமும் பத்தாது, கரண்டும் பத்தாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு.”

“சரிங்க. அதை அங்கே கம்ப்யூட்டர் வாங்க வந்து நிக்கிற அண்ணன்கிட்டயும் சொல்லிருங்க. அவரும் இதே பெட்டியைத்தான் ஆசையாத் தடவிட்டு இருக்காரு.”

தடவிய கை நின்றது. அண்ணாச்சி பாய்ந்து இழுப்பறையைத் திறந்தார்.

“இந்தா, கைக்கு அடக்கமா ஒரு பழைய கார்டு. கரண்டுக்குத் தனி வயர்கூட வேண்டாம், ரெண்டாயிரத்து ஐநூறுதான்!”

மாட்டியதும் வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது.

“எனக்கும் அதே மாதிரி போட்டே கொடுங்க அண்ணாச்சி,” என்றார் அந்த அண்ணன். “விலையை மட்டும் தங்கச்சி பேசட்டும்.”