பதினோராம் பாகத்தின் கடைசித் தாள்

மாசிலாமணி ரயிலில் முப்பது வருஷம் டி.டி.ஆராக இருந்தவர். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சந்தேகம், அப்புறம்தான் வணக்கம். ஓய்வு பெற்று மலையடிவார ஆசிரமத்துக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. சாம்பாரில் பருப்பு குறைந்தால்கூட விசாரணைதான்.

பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்து பைண்டிங் செய்வது அந்த ஆசிரமத்தில் எல்லோருக்கும் வேலை. குரு பூரணி அம்மா, மாசிலாமணியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதிலும் மாசிலாமணிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த வயசில் இந்த அம்மாவுக்கு அப்படி என்ன தெரிந்துவிடும்?

தை மாதத்தில் ஒருநாள் பகலில், மைதாப் பசை கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு ஆளை நம்பலாமா, கூடாதா? எப்படித் தெரிந்துகொள்வது?"

"யாரை?"

"என் தம்பி தில்லைநாயகத்தை."

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாசிலாமணியின் மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. பத்து நாள் கழித்து ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசியது சொந்தச் சித்தப்பாதான் என்று அதில் எழுதியிருந்தது. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே மாசிலாமணி அன்றோடு பேச்சை நிறுத்தினார். மகளுக்கு வேறொரு நல்ல இடம் அமைந்தபோதும் தம்பிக்குப் பத்திரிகை வைக்கவில்லை. இப்போது தம்பி மகளுக்கு வைகாசியில் கல்யாணம். "அண்ணன் கை வைக்காமல் பந்தக்கால் ஊன்ற மாட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அம்மா அந்தக் கடிதத்தைக் கேட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்ததை மாசிலாமணி எடுத்துக் கொடுத்தார். அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"யார் எழுதியது?"

"யார் எழுதினால் என்ன அம்மா? விஷயம்தானே முக்கியம்?"

"இதற்கு முன்னால் தம்பி எப்படி?"

"நல்லவன் மாதிரிதான் இருந்தான். என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினாறு நாள் அவன்தான் கூட இருந்தான். எல்லாம் நடிப்பு."

அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தார். தலையணை கனத்தில் பதினொரு புத்தகங்கள். மந்திரவாதிகளும் ராணிகளும் தீ கக்கும் பறவைகளும் சண்டை போடுகிற ஒரே நீளக் கதை.

"படித்துவிட்டு வாருங்கள்."

நல்ல கூத்து! தியானம் சொல்லித் தருவார் என்று பார்த்தால் பேய்க்கதையைத் தலையில் கட்டுகிறாரே? கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த அம்மா நாளைக் கடத்துகிறார் என்றே மாசிலாமணிக்குத் தோன்றியது. இருந்தாலும் இரண்டு நடையாகச் சுமந்துகொண்டு அறைக்குப் போனார்.

எந்த வண்டியில் ஏறினாலும் கடைசிப் பெட்டியிலிருந்து சோதனையைத் தொடங்குவது அவர் பழக்கம். முதல் பாகத்தைத் தொடாமல் பதினோராம் பாகத்தை எடுத்தார். கடைசித் தாளைப் புரட்டினார்.

'பெருவாயிலைத் திறந்து பகைவரை உள்ளே விட்டவன் எயினன். ராணியின் பின்னால் நிழலாக நடந்தவனே ராணியை விற்றான். நடந்தது இதுதான்.'

மாசிலாமணிக்குப் பரம திருப்தி. ஆள் அகப்பட்டுவிட்டான். இனி என்ன வேஷம் போடுகிறான் என்று பார்த்துவிடலாம். ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பாகத்தைத் தொடங்கினார்.

எயினன் வாயிற்காவலன். முகத்தில் தழும்பு, அதிகம் பேசமாட்டான். அவன் வருகிற இடமெல்லாம் மாசிலாமணியின் பேனா தயாராக இருந்தது. பாலைவனத்தில் தன் பங்குத் தண்ணீரைக் குதிரைக்குக் கொடுத்தான். வெள்ளத்தில் ராணியின் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். "பலே கெட்டிக்காரன்டா நீ" என்று மாசிலாமணி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான்காம் பாகத்தில் ஒரு தாள் இல்லை. பக்கம் 310இல் பகைவரின் ஒற்றன் ராணி முன்னால் வாயைத் திறக்கிறான். அடுத்தது 313. அங்கே ஒற்றன் பேசி முடித்துவிட்டான். ராணி சிரிக்கிறாள். "இந்தப் பொய்யை உன் எஜமானிடமே திருப்பிக் கொண்டுபோ" என்கிறாள்.

என்ன பொய்? யார் கிழித்தது? பசை கிளறுகிறவரில் தொடங்கி அட்டை வெட்டுகிறவர்வரை ஒருவரையும் விடாமல் கேட்டார். எல்லோரும் விழித்தார்கள். விழிப்பவர்களைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடும். கடைசியில் அம்மா மேலேயே சந்தேகம் வந்தது. அதையும் நோட்டில் எழுதி வைத்தார்.

மாசி போனது, பங்குனி போனது. சித்திரையில் எட்டாம் பாகம். திட்டிக்கொண்டேதான் படித்தார், ஆனால் கீழே வைக்க முடியவில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் எரிச்சல் வந்தது. ராணிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பந்தக்காலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதினோராம் பாகத்தின் முடிவுக்கு வந்தார்.

பெருவாயில் அதிர்கிறது. பகைவர் வெள்ளமாக வந்து மோதுகிறார்கள். 'இதோ, இப்போது திறக்கப் போகிறான்' என்று மாசிலாமணி பல்லைக் கடித்தார். எயினன் கதவை உள்ளிருந்து முதுகால் தாங்கினான். ராணியும் குழந்தையும் சுரங்க வழியில் தப்பும்வரை தாங்கினான். நின்ற நிலையிலேயே செத்தான். கதவு திறக்கவில்லை. பக்கம் 640, கதை முடிந்தது.

அதற்கு அடுத்து அந்தத் தாள்.

மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளின் மேல் மூலையைப் பார்த்தார். 311. திருப்பினார். 312.

முப்பது வருஷம் எண் பார்த்தே சம்பளம் வாங்கியவர் அவர். நான்கு மாதமாக இந்த எண்ணைப் பார்க்கவில்லை.

நோட்டையும் இரண்டு பாகங்களையும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது நான்காம் பாகத்துத் தாள். ஒற்றன் சொன்ன பொய் இதுதான். இதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துத் தைத்தது யார்?"

"கையில் அது என்ன நோட்டு? படியுங்கள், கேட்கிறேன்."

"இரண்டாம் பாகம். தன் தண்ணீரைக் குதிரைக்குக் கொடுக்கிறான். நடிப்பு."

"ம்."

"ஐந்தாம் பாகம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். நடிப்பு. ஏழாம் பாகம். காயம்பட்டவன் பக்கத்தில் பதினொரு நாள்..."

நோட்டை மூடிவிட்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கைலியோடு சுருண்டு படுத்திருந்த தம்பியின் உருவம் கண்ணில் நின்றது. மாசிலாமணி அழுதார். அழுகையோடு கோபமும் வந்தது.

"வேண்டுமென்றே செய்தீர்களா அம்மா? சொல்லுங்கள். யார் தைத்தது?"

"யார் தைத்தால் என்ன ஐயா? விஷயம்தானே முக்கியம்?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். மொட்டைக் கடிதம் இருந்த பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார்.

"அப்படியென்றால் தம்பி செய்யவில்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்கள் தம்பியைப் பார்த்ததுகூட இல்லை."

"பின்னே நான் எப்படி அம்மா அவனை நம்புவது?"

அம்மா 311ஆம் தாளை மெல்லப் பிரித்தெடுத்து, நான்காம் பாகத்தில் அதன் இடத்தில் செருகினார்.

"ஐயா, ஒன்று கேட்கிறேன். முப்பது வருஷத்தில், டிக்கெட்டை வாங்கிப் பார்க்காமலே யாரையாவது வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறீர்களா?"

"சேச்சே! ஒருத்தரையும்..." என்று சட்டென்று சொல்ல வந்தவர், பாதியிலேயே நிறுத்தினார்.

கையிலிருந்த மொட்டைக் கடிதத்தைப் பார்த்தார்.

"ஒருத்தனை, அம்மா."