தலை ஒன்று அனுப்பவும்

மருத மரத்தில் ஒரு சிலந்தி வேலை பார்த்தது. மலை உச்சியிலிருந்து பள்ளத்துப் புல்வெளி வரை, காட்டின் குறுக்கே ஓர் இழை ஓடியது. ஒரு முனையில் யாராவது சுண்டினால் சிலந்தியின் காலுக்கு அது தெரியும். உடனே மறுமுனைக்குச் சுண்டிவிடும். "ஓடையில் தண்ணீர் ஏறுகிறது", "புலி மேற்கே போகிறது", "குரங்கு வீட்டில் கல்யாணம்" என்று காட்டின் சேதியெல்லாம் அந்த இழையில்தான் போயிற்று.

அந்தச் செய்தி நிலையத்துக்கு மேலாளர் முள்ளம்பன்றியார். நல்லவர். கோபம் வந்தால் முள்ளெல்லாம் நிமிர்ந்துவிடும். கேட்கிறவர் முகம் வாடினால் உடனே படுத்துவிடும்.

தேவாங்கும் அங்கேதான் வேலையில் இருந்தது. என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. தேவாங்குக்கும் தெரியாது. ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு பெரிய கண்களால் எல்லோரையும் அன்பாகப் பார்க்கும். பிறகு தூங்கிவிடும்.

இழையில் ஒரு குறை இருந்தது. மழையில் நனைந்தால் தொய்ந்துவிடும். தொய்ந்த இழையில் சேதி போகாது. அவசரமான சேதியெல்லாம் மழையில்தான் வரும்.

ஒரு நாள் பள்ளத்திலிருந்து தாய் முயல் ஏறி வந்தது.

"என்னய்யா நிலையம் நடத்துறீங்க? போன மழைக்கு வெள்ளம் முதல்ல வந்துச்சு. 'ஜாக்கிரதை'ங்கிற சேதி வெயில் அடிச்சப்புறம் வந்துச்சு!"

"மழையில இழை தொய்ஞ்சிடுதும்மா" என்றார் முள்ளம்பன்றியார்.

"அப்போ நான் தனி ஆள். நீந்தித் தப்பிச்சேன். இப்போ வளையில மூணு குட்டி இருக்கு. ஓடத் தெரியாது. ஒவ்வொண்ணா வாயில கவ்வித்தான் மேட்டுக்குக் கொண்டுபோகணும். முன்னாடியே சேதி வந்தாத்தான் முடியும்!"

"இப்போவே மேட்டுக்குப் போயிடலாமே?"

"மேட்டுல நரி இருக்கு! பெருமழை அன்னைக்கு மட்டும்தான் அது குகையை விட்டு வெளியே வராது. மழைக்கு முன்னாடியும் போகக் கூடாது, வெள்ளம் வந்த பின்னாடியும் போக முடியாது. நடுவுல இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் உங்ககிட்ட கேக்குறேன்."

முயல் இறங்கிப் போயிற்று.

காட்டுச் சபைக்கும் இந்தக் குறை தெரிந்திருந்தது. மலைப்பாறையில் குடியிருக்கும் கொசுத்தேனீக்கு இழையில் மெழுகு ஏற்றும் வித்தை தெரியும். மெழுகு ஏறிய இழை எந்த மழையிலும் தொய்யாது. சபை கூடிப் பேசி, பயிற்சிக்கென்று ஓர் இலுப்பை மரத்தை ஒதுக்கியது. அதன் பூ முழுவதும் தேனீக் கூட்டத்துக்கு. கரடி தொடக்கூடாது, வௌவால் தொடக்கூடாது. பதிலுக்குத் தேனீ பாடம் சொல்ல வேண்டும். பூ இருக்கும்வரை பாடம் இருக்கும்.

சபையின் உத்தரவைக் காகம் கொண்டுவந்தது.

"நிலையத்திலிருந்து தலை ஒன்று அனுப்பவும்!"

"எந்தத் தலை?" என்று கேட்டார் முள்ளம்பன்றியார்.

"அது உத்தரவுல இல்லை. தலை வந்துச்சா இல்லையான்னுதான் நான் பார்ப்பேன். வரலைன்னா மரம் வௌவாலுக்கு."

சிலந்திக்கு ஆசை தாங்கவில்லை. இழை வழியே சரசரவென்று இறங்கி வந்தது.

"ஐயா, நான் போயிட்டு வரட்டுமா?"

"நீயா? நீ போயிட்டா இழையை யார் பார்க்கிறது?"

"கொஞ்ச நாள்தானே ஐயா."

"கொஞ்ச நேரம்கூட முடியாதும்மா! உன்னை மாதிரி வேலைக்காரி இந்தக் காட்டுல உண்டா? அதனாலதான் உன்னை அனுப்ப முடியலை."

இது பாராட்டா தண்டனையா என்று சிலந்திக்கு விளங்கவில்லை. மேலே ஏறிப் போயிற்று.

முள்ளம்பன்றியார் மரத்தைச் சுற்றி நடந்தார். யாரை அனுப்பினால் வேலை நிற்காது? நிமிர்ந்து பார்த்தார். கிளையில் தேவாங்கு தூங்கிக்கொண்டிருந்தது.

தேவாங்குக்கு இது புதிது இல்லை. மரங்கொத்தி துளை போடச் சொல்லிக்கொடுத்தபோதும் நிலையத்திலிருந்து அதுதான் போயிற்று. எறும்பு வரிசை கட்டச் சொல்லிக்கொடுத்தபோதும் அதுதான். "இந்தக் காட்டிலேயே அதிகம் படித்தது தேவாங்குதான்" என்று சபையில் காகம் ஒருமுறை சொல்லியிருக்கிறது.

"மறுபடியும் நானா ஐயா?" என்றது தேவாங்கு.

"உன்னைத்தான்ப்பா விட முடியும்."

"வெயில் அடிக்குமே."

"பாறையில நல்ல நிழல் உண்டாம்."

தேவாங்கு போயிற்று. காகம் பாறையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, "தலை வந்துவிட்டது!" என்று சபைக்குச் சொன்னது. சபைக்குத் திருப்தி. முள்ளம்பன்றியாருக்கும் திருப்தி.

சில நாள் கழித்து, கையில் ஒரு மெழுகு உருண்டையோடு தேவாங்கு திரும்பி வந்தது. சிலந்தி ஆவலாக ஓடியது.

"அண்ணே, சொல்லுங்க! எப்படிப் பண்ணணும்?"

"மெழுகை எச்சில்ல குழைக்கணும் தங்கச்சி."

"சரி. அப்புறம்?"

"அப்புறம்... இழையில பூசணும்."

"எப்போ பூசணும்? தடிமனாவா, மெலிசாவா?"

தேவாங்கு யோசித்தது. வெகுநேரம் யோசித்தது.

"குழைக்கணும்னு சொன்னதும் ஒரு காத்து வந்துச்சு பாரு. அவ்வளவு நல்ல காத்து!"

"அண்ணே! தூங்கிட்டீங்களா?"

தேவாங்கின் பெரிய கண்கள் கலங்கின. "நான் என்ன செய்வேன் தங்கச்சி? என் வயித்துல இழையே வராது. இழை வராதவனுக்கு அந்தப் பாடம் எந்தப் பக்கமா உள்ளே நுழையும்?"

சிலந்தி தனக்குத் தெரிந்த அளவில் மெழுகைக் குழைத்து, ஏற்கெனவே கட்டியிருந்த இழையின் மேல் பூசிப் பார்த்தது. மெழுகு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. இழை செவிடாகிவிட்டது. மலை முனையிலிருந்து சேதி அனுப்பும் தவளை சுண்டு சுண்டென்று சுண்டியும் சிலந்தியின் காலுக்கு ஒன்றும் எட்டவில்லை. பூசிய இடத்தையெல்லாம் அறுத்தெறிந்து புதிதாக இழை இழுத்து ஒட்ட வேண்டியதாயிற்று.

மேற்கே மேகம் சேரத் தொடங்கியது. தாய் முயல் மறுபடி ஏறி வந்தது. இந்த முறை அது சத்தம் போடவில்லை.

"ஆயிடுச்சாய்யா?"

முள்ளம்பன்றியார் தரையைப் பார்த்தார்.

"அப்படின்னா நான் இன்னைக்கே குட்டிகளை மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். நரி பிடிச்சா ஒண்ணுதான் போகும். வெள்ளம் வந்தா மூணும் போயிடும்."

"கொஞ்சம் பொறும்மா!" என்று மேலிருந்து சிலந்தி கத்தியது. விறுவிறுவென்று இறங்கி முள்ளம்பன்றியார் முன்னால் நின்றது.

"ஐயா, நான் போகணும்."

"நீ போனா இங்கே யாரும்மா..."

"இங்கே யார் இருக்கிறதுன்னு கண்டுபிடிக்கிறதுதானே ஐயா உங்க வேலை!"

முள்ளம்பன்றியாரின் முள்ளெல்லாம் நிமிர்ந்தது. யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. சிலந்தியின் முகத்தைப் பார்த்தார். அது வாடவில்லை. முயலின் முகத்தைப் பார்த்தார். முள் தானாகப் படுத்தது.

"கிளம்பு" என்றார். "நான் பார்த்துக்கிறேன்."

முயல் சேதிக்குக் காத்திருக்கப் பள்ளத்துக்கு இறங்கியது. சிலந்தி பாறைக்கு ஓடியது. அது போவதைக் காகம் பார்த்துவிட்டுப் பறந்து வந்தது.

"ஓய் மேலாளரே! சபை கேட்டது ஒரு தலை. அதுதான் வந்தாச்சே! இது யாரு?"

"முதல்ல போனது தலை. இப்போ போறது கால்."

"காலுக்கு உத்தரவு இல்லையே!"

"முள்ளுக்கும் உத்தரவு இல்லை. குத்தட்டுமா?"

காகம் அடுத்த மரத்துக்குப் போய் உட்கார்ந்தது.

முள்ளம்பன்றியார் வாழ்க்கையில் முதன்முறையாக இழையருகே அமர்ந்தார். அவர் முள் பட்டதும் இழை தாறுமாறாக அதிர்ந்தது. குரங்கு வீட்டுக் கல்யாணச் சேதி கரடிக்குத் துக்கச் சேதியாகப் போய்ச் சேர்ந்தது. கரடி அழுதுகொண்டே பந்தலுக்கு வந்து நின்றது. மாப்பிள்ளைக் குரங்கு பயந்து மரமேறிவிட்டது.

"ஐயா" என்றது தேவாங்கு மெல்ல. "நான் பிடிச்சுப் பார்க்கவா?"

"நீயா?"

"சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதானே? அது எனக்கு வரும்."

தேவாங்கு இழையைக் கையால் பற்றியது. கிளையைப் பற்றுவது போலவே பற்றியது. அசையவில்லை. அசையாத கைக்கு ஒவ்வொரு சுண்டலும் தெளிவாகத் தெரிந்தது. மலையிலிருந்து வந்ததைக் கேட்டு, நிதானமாகப் பள்ளத்துக்குச் சுண்டியது. சேதி மெதுவாகப் போயிற்று. ஆனால் சரியாகப் போயிற்று.

முள்ளம்பன்றியார் வாய் பிளந்து பார்த்தார். "இத்தனை நாளா ஏன்ப்பா இதைச் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே ஐயா."

"தூக்கம் வராதா?"

"கையில ஏதாவது அதிர்ந்துக்கிட்டே இருந்தா வராது போலிருக்கு" என்றது தேவாங்கு. அதற்கே அது ஆச்சரியமாக இருந்தது.

பாறையில் கொசுத்தேனீ சிலந்தியை வரவேற்றது. இலுப்பை மரத்தில் இன்னும் கொஞ்சம் பூ மிச்சம் இருந்தது.

"தேவாங்குக்கு எல்லாம் சொன்னேனே! அதுவும் ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிச்சே!"

"அது தூங்கி விழுந்துச்சும்மா."

தேனீ விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு பாடத்தை ஆரம்பித்தது.

"காய்ஞ்ச இழையில மெழுகு பூசினா அது செவிடாயிடும். இழை உன் வயித்தை விட்டு வெளியே வருது பாரு, அந்த ஈரத்துலயே பூசிடணும். பின்னங்காலால ஒரே தடவு. தடவி முடியறதும் இழை முடியறதும் ஒண்ணா இருக்கணும்."

சிலந்தி இழுத்தது. தடவியது. முதல் இழை அறுந்தது. அடுத்தது திட்டானது. அதற்கடுத்ததில் தேனீ ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டது. சொட்டு உருண்டு கீழே விழுந்தது. இழை அப்படியே நின்றது.

"உனக்கு நான் வாயால சொன்னது கொஞ்சம்தான்" என்றது தேனீ. "மிச்சத்தை உன் காலே கேட்டுக்கிச்சு."

திரும்பி வந்த சிலந்தி ஓய்வெடுக்கவில்லை. மலையிலிருந்து மருத மரம் வரை, மருத மரத்திலிருந்து மேட்டின் மேலாகப் பள்ளம் வரை புது இழை இழுத்தது. அதுவரை பழைய இழையைத் தேவாங்கு விடாமல் பிடித்திருந்தது. முள்ளம்பன்றியார் மெழுகு உருண்டைகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்தார். வழியெல்லாம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுச் சிலந்தியைத் தொந்தரவு செய்தார்.

கடைசி முடிச்சைப் பள்ளத்தில் போட்டுவிட்டுச் சிலந்தி மரத்துக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. பழைய இழை தொய்ந்து சகதியில் விழுந்தது. புது இழையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

மலையில் ஓடை பொங்கியது. தவளை சுண்டியது.

சிலந்தியின் கால் துள்ளியது. "வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே பள்ளத்துக்குச் சுண்டியது.

மழை விடாமல் பெய்தது. முள்ளம்பன்றியார் மரத்தடியில் நனைந்துகொண்டே நின்றார். மரப் பொந்துக்குள் வரச் சொன்னாலும் வரவில்லை. கீழே பள்ளத்தில் தண்ணீர் புகும் சத்தம் கேட்டது. முயல் ஒன்றைத் தூக்கியிருக்குமா? இரண்டாவதுக்குத் திரும்பியிருக்குமா?

"ஏதாவது தெரியுதாம்மா?"

"இல்லை ஐயா."

"இப்போ?"

"இல்லை ஐயா."

சட்டென்று சிலந்தியின் எட்டுக் கால்களும் அசைந்தன. இழை ஆடியது. நின்றது. மறுபடி கண்டபடி ஆடியது.

"என்ன சேதி? என்ன சேதி?" என்று குதித்தார் முள்ளம்பன்றியார்.

"புரியலையே ஐயா! இப்படி யாரும் சுண்ட மாட்டாங்களே!"

தேவாங்கு கை நீட்டி இழையைப் பற்றியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. பிறகு சிரித்தது.

"இது சேதி இல்லை தங்கச்சி. மேட்டுல மூணு பேரு இழையைப் பிடிச்சு இழுத்து விளையாடுறாங்க."

பயிற்சிக்கென்று ஒரு மரத்தை ஒதுக்கிவிட்டால் போதாது; வேலை தெரிந்தவர் போய்க் கற்றுவரும்வரை அவருடைய இடத்தில் நின்று அந்த வேலையைத் தாங்கவும் வேண்டும்.